கடைகளுக்கு இணையவழி மொத்த விற்பனை: கரூர் வாசகிக்குப் பதில்

கேள்வி: கரூரில் ஆறு தையல் இயந்திரங்கள் வைத்து ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து வருகிறேன். இப்போது சொந்தமாகப் பருத்திக் கிச்சன் டவல்களும் ஏப்ரன்களும் தைக்கிறேன். மூன்று டவல்கள் கொண்ட செட்டின் அடக்க விலை 110 ரூபாய். கண்காட்சிகளில் 210 ரூபாய்க்கு விற்கிறேன். ஜி.எஸ்.டி. எண் இல்லை. சென்னை, பெங்களூரு, கொச்சி போன்ற ஊர்களின் பரிசுப்பொருள் கடைகளுக்கும் வீட்டு அலங்காரக் கடைகளுக்கும் இணைய மொத்த விற்பனைத் தளங்கள் வழியாக விற்க விரும்புகிறேன். ஒரு தளம் ஆண்டுக் கட்டணம் கேட்கிறது. இன்னொன்று கட்டணம் வாங்காமல் ஒவ்வொரு விற்பனையிலும் 15 சதவீதம் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. எதில் சேரலாம்? கடைக்காரர்கள் கடன் கேட்டால் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, எந்தத் தளம் என்று தீர்மானிப்பதற்கு முன்னால் உங்கள் விலையைச் சரிசெய்ய வேண்டும். 210 ரூபாய் விலையை வைத்துக்கொண்டு எந்தத் தளத்தில் சேர்ந்தாலும், ஒவ்வொரு செட்டிலும் நட்டப்படுவீர்கள்.

கண்காட்சியில் உங்களுக்கும் வாங்குபவருக்கும் நடுவில் யாரும் இல்லை. கடை வழியாக விற்கும்போது கடைக்காரரின் வாடகை, ஆள் சம்பளம், விற்காமல் தேங்கும் சரக்கு எல்லாம் அவருடைய மார்ஜினிலிருந்துதான் வர வேண்டும். மளிகைச் சாமான்களுக்குக் குறைந்த மார்ஜினில் சம்மதிக்கும் கடைக்காரர்கூட, மெதுவாக நகரும் பரிசுப் பொருளுக்கு 40 சதவீதம் கேட்பது நியாயமே. உங்கள் 210 ரூபாயை 5 சதவீத வரி சேர்ந்த எம்.ஆர்.பி. என்று கொள்வோம். வரி நீங்கலாக 200. கடைக்காரர் உங்களுக்குத் தருவது 120. தளத்தின் கமிஷன் 18, பார்சல் செலவு செட்டுக்கு 12 என்று கழித்தால் மிஞ்சுவது 90, அடக்கமோ 110. அதே செட்டுக்கு 315 ரூபாய் எம்.ஆர்.பி. வைத்தால், வரி நீங்கலாக 300, கடைக்காரர் தருவது 180, கமிஷனும் பார்சலும் போக 141. உங்கள் கையில் 31 ரூபாய் நிற்கும்.

அந்த 110 ரூபாயில் உங்கள் சொந்த உழைப்புக்கான கூலி சேர்ந்திருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. வெட்டுவது, பில் போடுவது, கடைக்காரர்களோடு பேசுவது எல்லாவற்றையும் நீங்களே செய்கிறீர்கள் என்றால், அதற்கு வெளியாள் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய சம்பளத்தை அடக்கத்தில் சேர்த்த பிறகே இந்தக் கணக்கைப் போடுங்கள். 315 ரூபாய்க்கு விற்காது என்று தோன்றினால், மார்ஜினைக் குறைத்துக்கொள்ளும்படி கடைக்காரரிடம் கெஞ்சுவதைவிட, நல்ல அட்டைச் சுற்று, ஊரின் பெயர், துவைத்தாலும் சாயம் போகாத நிறம் என்று அந்த விலைக்குத் தகுதியான பொருளாக அதை மாற்றுவதே சரியான வழி. ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் தைத்த கைகளுக்கு அந்தத் தரம் புதிதல்ல. முக்கியமாக, கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய பிறகு நீங்களே கண்காட்சியிலோ இன்ஸ்டாகிராமிலோ 210 ரூபாய்க்கு விற்கக் கூடாது. 315 ரூபாய் ஒட்டிய செட்டைத் தன் அலமாரியில் வைத்திருக்கும் கடைக்காரர் அதைக் கண்டால், மறுபடி உங்களிடம் வாங்கமாட்டார்.

இனி தளங்கள். ஆண்டுக் கட்டணம் வாங்கும் வகைக்கு நம் நாட்டில் நன்கு அறியப்பட்ட உதாரணம் 1996-இல் தொடங்கப்பட்ட இந்தியாமார்ட். இவ்வகைத் தளத்தில் உங்களுக்குக் கிடைப்பது விற்பனை அல்ல, வாங்க நினைப்பவரின் விசாரணை. அதே விசாரணை உங்களைப் போன்ற வேறு சில விற்பனையாளர்களுக்கும் போகும். விலையும் கடனும் பணமும் நீங்களும் வாங்குபவரும் நேரடியாகப் பேசி முடிக்க வேண்டியவை. கேட்பவர்களில் பலர் ஆயிரக்கணக்கில் மலிவுச் சரக்கு தேடும் மொத்த வியாபாரிகளாக இருப்பார்கள். நீங்கள் தேடும் சிறு கடைக்காரரைப் பொறுக்கி எடுக்கத் தினமும் நேரம் செலவாகும். இரண்டாம் வகையில், ஆர்டரும் பணமும் தளத்தின் வழியாகவே நடக்கும். 2016-இல் பெங்களூரில் தொடங்கிய உடான் இவ்வகையைச் சேர்ந்தது என்றாலும், மளிகைக் கடைகளுக்கு வேகமாக விற்கும் சரக்குக்கே அது பொருந்தும். விலை ஒன்றே பேசும் அந்த இடத்தில் உங்கள் டவல் எடுபடாது. பரிசுக் கடைகளையும் பூட்டிக் (boutique) கடைகளையும் மனத்தில் வைத்து நடப்பவை 2017-இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய ஃபேர், 2019-இல் பாரிசில் தோன்றிய ஆங்கர்ஸ்டோர் போன்றவை. ஃபேர் கடைக்காரருக்கு 60 நாள் கடன் கொடுத்து, முதல் ஆர்டரில் விற்காததைத் திருப்பித் தரவும் அனுமதித்து, அந்தச் சுமையைத் தானே ஏற்றுக்கொண்டு வளர்ந்தது. ஏற்றுமதி என்பது உங்களுக்கு அடுத்த கட்டம். ஆனால் உங்களிடம் 15 சதவீதம் கேட்கும் தளம் இதே அளவு சுமையைத் தாங்குகிறதா என்று கேட்க இந்த உதாரணம் பயன்படும்.

கமிஷன் தளத்தோடு கையெழுத்திடுவதற்கு முன் மூன்று செய்திகளை எழுத்தில் வாங்குங்கள். ஒரே கடை மறுபடி வாங்கும்போதும் அதே 15 சதவீதமா? நீங்களே கூட்டிவரும் கடைக்கு எவ்வளவு? கடைக்காரர் பணம் தராவிட்டால் இழப்பு யாருடையது? ஃபேர் தளத்தில், விற்பனையாளரே தன் இணைப்பின் மூலம் அழைத்துவரும் கடைக்குக் கமிஷன் கிடையாது. இதே சலுகையை நீங்களும் கேட்கலாம். ஏனென்றால், உங்கள் பிழைப்பு முதல் ஆர்டரில் இல்லை. மேலே சொன்ன கணக்கில் தளத்தின் வழியே போகும் செட்டுக்கு 31 ரூபாய் என்றால், நேரடியாக வாங்கும் கடையில் 27 ரூபாய் கமிஷன் மிச்சமாகி அதுவே 58 ரூபாய். அதற்காக, தளம் அறிமுகப்படுத்திய கடையை ஒப்பந்தத்தை மீறி வெளியே இழுக்காதீர்கள். கமிஷன் அந்த அறிமுகத்துக்கான கூலி. உங்கள் சொந்த முயற்சியில் கிடைத்த கடைகளை மட்டும் தளத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடைகளின் பெயர், ஊர், வாங்கிய தேதி, எந்த நிறம் முதலில் விற்றுப்போனது என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கடைகளுக்கான தன் மொத்த விநியோகச் சேவையை இந்தியாவில் மூடுவதாக அமேசானே 2022 நவம்பரில் அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் சேவைகூட மூடப்படலாம் என்னும்போது, உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் ஒரு தளத்தின் கணினியில் மட்டும் இருப்பது ஆபத்து.

என் யோசனை, கமிஷன் தளத்தில் தொடங்குவது. விற்றால்தான் செலவு என்பது உங்கள் நிலையில் பெரிய பாதுகாப்பு. ஆறு மாதத்தில் முதல்முறை வாங்கிய கடைகளில் எத்தனை மறுபடி வாங்கின என்று பாருங்கள். மூன்றில் ஒரு கடைகூடத் திரும்பி வரவில்லை என்றால், குறை பொருளிலோ விலையிலோ இருக்கிறது. இன்னொரு தளத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுவதால் அது தீராது.

ஜி.எஸ்.டி. எண்ணை உடனே வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பதும், 2023 அக்டோபர் முதல் அந்த வரம்புக்குள் இருப்பவர் பதிவில்லாமலேயே இணையத் தளம் வழியாகத் தம் மாநிலத்துக்குள் விற்கலாம் என்பதும் உண்மை. ஆனால் பெங்களூருக்கும் கொச்சிக்கும் சரக்கு அனுப்ப இந்தச் சலுகை போதாது. சிறு வணிகருக்கான எளிய வரித் திட்டமான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது என்பதால், வழக்கமான பதிவே உங்களுக்குப் பொருந்தும். பில்லில் வரி இருந்தால் கடைக்காரர் அதை உள்ளீட்டு வரியாக, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார். செட்டாகக் கட்டி விற்பதால் தயாரிப்பாளர் முகவரி, எண்ணிக்கை, அளவு, மாதமும் ஆண்டும், எம்.ஆர்.பி., புகார் எண் ஆகியவை உறையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

கடன் விஷயத்தில் இளகிவிடாதீர்கள். முதல் ஆர்டருக்கு முழுப் பணமும் முன்னதாக வாங்குங்கள். அதற்கு ஈடாக, சிறு கடைக்காரர் தயங்காமல் துணியும்படி குறைந்தபட்ச ஆர்டரை நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் அளவில், பல நிறங்களைக் கலந்து எடுக்கும்படி வையுங்கள். இரண்டு முறை ஒழுங்காக வாங்கியவருக்கு 15 நாள் கடன் தரலாம். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்துவிட்டீர்களானால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் வாங்கியவர் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும். அதற்கான அரசு இணையதளத்தில் புகாரும் தரலாம். எனினும் ஐயாயிரம் ரூபாய்க்காகப் புகார் நடத்துவது உங்கள் நேரத்தைத் தின்னும் என்பதால், சட்டத்தைவிட முன்பணத்தையே நம்புங்கள்.

புதிய கடை என்றால் அதன் ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு, அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பெயரும் முகவரியும் பொருந்துகிறதா, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் அனுப்பிவிட்டதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கை ஏற்றாதீர்கள். வங்கிக் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகே பார்சல் கிளம்ப வேண்டும். பணம் பெறுவதற்கு க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யச் சொன்னால் அது மோசடி; பணம் வாங்க யாரும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. சாம்பிளை இலவசமாக அனுப்பாமல், அதற்கு விலை வாங்கி முதல் ஆர்டரில் கழித்துக்கொடுங்கள். உண்மையாக வாங்க நினைப்பவர் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.