சமூக அறிவியல் ஆய்வில் புதிய கோட்பாடு எப்படி உருவாகிறது? முனைவர் பட்ட மாணவரால் அது முடியுமா?

முடியும். ஆனால் கோட்பாடு படைத்தே தீருவது என்று உட்கார்ந்தால் நடக்காது. இருக்கிற விளக்கங்களுக்குள் அடங்காமல் முரண்டு பிடிக்கிற ஒரு தகவல் முதலில் கையில் சிக்க வேண்டும்.

அமெரிக்க சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கருக்கு அப்படிச் சிக்கியது சில வதந்திகள். 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய நிலநடுக்கம். அதிர்வை நன்றாக உணர்ந்தும் தங்கள் பகுதியில் சேதம் எதையும் பார்க்காத மக்களிடையே, சந்திர கிரகணத்தன்று இன்னொரு பெரிய நிலநடுக்கம் வரும் என்கிற மாதிரிப் பேச்சுகள் பரவியதை உளவியலாளர் ஜமுனா பிரசாத் பதிவு செய்திருந்தார். ஏற்கெனவே பயந்து போனவர்கள் மேலும் பயமுறுத்துகிற செய்தியை ஏன் நம்ப வேண்டும்? ஃபெஸ்டிங்கர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: பயம் இருக்கிறது, பயப்படுவதற்கான காரணம்தான் கண்ணில் படவில்லை, அந்தக் காரணத்தை வதந்தி கொடுத்துவிடுகிறது. டார்ஜிலிங் நிலச்சரிவில் அழிவை நேரில் பார்த்தவர்களிடம் இப்படிப்பட்ட வதந்திகள் இல்லை என்பதும் இதோடு பொருந்தியது. 1957இல் இது அறிதல் முரண்பாட்டுக் கோட்பாடாக (cognitive dissonance) வெளிவந்தது: மனதில் இருக்கும் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபோது சங்கடம் உண்டாகிறது, அதைக் குறைக்க மனிதர்கள் தங்கள் நம்பிக்கையையே மாற்றிக்கொள்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அது பழைய சம்பவத்தை விளக்கியதோடு நிற்கவில்லை. 1959இல் அவரும் சக ஆய்வாளர் கார்ல்ஸ்மித்தும் மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்து, அடுத்து வருபவரிடம் "சுவாரசியமாக இருந்தது" என்று காசு கொடுத்துச் சொல்லச் சொன்னார்கள். 20 டாலர் வாங்கியவர்களைவிட 1 டாலர் வாங்கியவர்களே பிறகு அந்த வேலையை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். பொய் சொன்னதற்கு 20 டாலர் போதுமான காரணம், 1 டாலர் போதாது, அதனால் அவர்கள் வேலையைப் பற்றிய எண்ணத்தையே மாற்றிக்கொண்டார்கள் என்கிறது கோட்பாடு. கூலி கூடினால் விருப்பமும் கூடும் என்று நம்புகிறவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அதனால் புதுப் பெயர் சூட்டுவதோ, பெட்டிகளை அம்புக்குறியால் இணைப்பதோ கோட்பாடு ஆகாது (மாநாடுகளில் பாதி அதுதான்!). நேர்காணல்களை மென்பொருளில் போட்டு, பகுதி பகுதியாகக் குறியீடு (code) கொடுத்துப் பிரித்து வைத்தாலும் ஆகாது. சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் சொன்ன, களத்தரவிலிருந்தே கோட்பாட்டை எழுப்பும் முறையின் (grounded theory) உயிரே ஒவ்வொரு தரவையும் மற்றவற்றோடு வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிற இடைவிடாத ஒப்பீடுதான், பலர் அதை விட்டுவிட்டுக் குறியீட்டை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? எது எதனால் நடக்கிறது, இடையில் என்ன நிகழ்கிறது, எந்தச் சூழலில் அது நடக்காது என்று நாலு வரி எழுதிப் பாருங்கள். மூன்றாவதற்குப் பதில் வரவில்லை என்றால், அது நடக்காத இடமாகப் பார்த்து அடுத்த களப்பணிக்குப் போங்கள்.