‘மெஷின் எடுக்கல’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

செயற்கை நுண்ணறிவுக்கு (ஏஐ) ஒரு சட்டம் வேண்டும் என்று போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். புதுச்சேரியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மொத்தமே பதினோரு பேர். நீங்கள் கேட்கிற சட்டம் வந்தால் பெரிய கம்பெனிகள் வக்கீல் வைத்துக்கொள்ளும். கடையைச் சாத்துவது எங்களைப் போன்றவர்கள்தான். ஐரோப்பா சட்டம் போட்டுவிட்டு இப்போது கையைப் பிசைகிறது. அமெரிக்கா சட்டமே வேண்டாம் என்கிறது. நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சட்டங்கள் போதாதா? முதலில் வளரட்டுமே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே? கோபத்தில் எழுதவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

– லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோபத்தில் எழுதியிருந்தாலும் பதில் போட்டிருப்பேன். நீங்கள் சொல்வதில் பாதி சரி, அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. அதிலுள்ள கடுமையான பகுதிகளைத் தள்ளிப்போடலாம் என்று 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே முன்மொழிந்தது. கையைப் பிசைகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. நீங்கள் செய்வது வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிற சாட்பாட் என்றால், பேசுவது இயந்திரம் என்று தெரியப்படுத்தினால் கிட்டத்தட்ட போதும். வேலைக்கு ஆள் எடுப்பது, கடனுக்குத் தகுதி பார்ப்பது, அரசு உதவி யாருக்கு என்று முடிவு செய்வது போன்ற இடங்களில்தான் பிடி இறுகுகிறது. உச்ச அபராதம் மூன்றரைக் கோடி யூரோ அல்லது உலகம் முழுக்க வரும் வருவாயில் 7 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. சிறு நிறுவனங்களுக்கு மட்டும் எது குறைவோ அது. இந்த ஒரு வரியை உங்கள் பதினோரு பேருக்கும் படித்துக் காட்டுங்கள்.

அமெரிக்கா வேண்டாம் என்கிறது என்றீர்கள். யார் அந்த அமெரிக்கா? ஏஐ பாதுகாப்புக்காகப் பைடன் 2023 அக்டோபரில் போட்ட ஆணையை, டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு ரத்து செய்தார், சரி. ஆனால் மாநிலங்கள் பத்து ஆண்டுகளுக்கு இந்த விஷயத்தில் சட்டமே போடக் கூடாது என்று ஒரு மசோதாவில் பிரிவு சேர்க்கப்பட்டபோது, செனட் 2025 ஜூலை 1 அன்று அதை 99க்கு 1 என்று தூக்கி எறிந்தது. டிரம்பின் சொந்தக் கட்சிக்காரர்களும் சேர்ந்துதான். அதே ஆண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. சாட்பாட் போன்றவற்றுக்கு அடியில் ஓடுகிற மிகப் பெரிய ஏஐ மாடல்களை உருவாக்கும் நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்புத் திட்டத்தை வெளியில் சொல்ல வேண்டும், பெரிய விபரீதம் நடந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது.

நம் ஊர்க் கதை வேறு மாதிரி. 2024 மார்ச் 1 அன்று, சரியாகச் சோதிக்கப்படாத மாடல்களை வெளியிட முன் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒன்றிய அரசு ஓர் அறிவுரை அனுப்பியது. கூச்சல் எழுந்தது. மார்ச் 15க்குள் அந்த வரியே காணோம். 2025 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள், தனிச் சட்டம் இப்போதைக்குத் தேவையில்லை என்கின்றன. தமிழ்நாடு அரசு 2020லேயே இதற்கு ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் தெரியாது. இதற்கிடையில் மறைந்த கருணாநிதி, ஏஐ புண்ணியத்தில், 2024 ஜனவரியில் ஒரு விழாவில் திரையில் தோன்றிப் பேசினார். மறைந்த ஜெயலலிதாவின் குரல் அடுத்த மாதமே தொண்டர்களுக்கு வாழ்த்துச் சொன்னது. இரண்டு பக்கமும் ஒரே சாமானை வாங்கி வீட்டில் வைத்திருக்கும்போது, அதற்குத் தடை கேட்டு சட்டசபையில் யார் எழுந்து நிற்பார்கள்?

‘முதலில் வளரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற உங்கள் வரியில்தான் எனக்குச் சிக்கல். கடலூர்க்காரன் காதில் அது பழைய பாட்டு. சிதம்பரம் பஸ்ஸில் ஏறி முதுநகரைத் தாண்டினால் கண்டக்டர் குரல் கொடுக்காமலே இடம் தெரிந்துவிடும். ஒருநாள் அழுகிய முட்டை வாடை, இன்னொரு நாள் நகப்பூச்சு வாடை. ரசாயனத் தொழிற்பேட்டை அங்கே எண்பதுகளில் வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகுதான், 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் வாடை போகவில்லை. புகார் சொன்னால் ‘எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது’ என்று பதில் வரும். அளந்தது யார்? 2004 வாக்கில் பேட்டையை ஒட்டிய கிராமத்து ஆட்களே வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். எந்த நாள், எந்த நேரம், என்ன வாடை என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். அதற்கப்புறம்தான் அவர்கள் பேச்சுக்கு ஒரு மரியாதை வந்தது. இன்றைக்கு ஒரு மாடல் பத்திரமானதா என்று சோதிப்பதும், அதைச் செய்த கம்பெனியேதான்.

இன்னொன்று, எங்கள் தெரு விஷயம். கருவாடு விற்கிற பெரியம்மா ஒருவர், தனிக்கட்டை. நாற்பது வருஷம் மீனும் உப்புமாகப் புழங்கிய விரல். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்ததிலிருந்து அவருக்கு ரேகை விழவில்லை. ஒருநாள் நானும் கூடப் போனேன். கடைக்காரப் பையன் நல்ல பையன். துணியால் துடைத்தான், தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னான், பத்து விரலையும் வைத்துப் பார்த்தான். கடைசியில் ‘நான் என்னம்மா பண்றது, மெஷின் எடுக்கல’ என்றான். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. பெரியம்மா பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். கோபப்படக்கூட ஆள் இல்லை.

அடுத்த வாரம் யாரிடமோ போன் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு ரூல்டு நோட்டில் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் கைநாட்டு. அதே கட்டைவிரல்தான். ஊதா மையில் ஒரு கோடுகூட இல்லாத வெறும் பொட்டு விழுந்தது. அரிசி கிடைத்தது.

அந்த மெஷின் ஏஐ இல்லை என்பீர்கள், தெரியும். ஆனால் அந்தப் பையன் சொன்ன பதிலைத்தான் நாளைக்கு வங்கியிலும், வேலை கேட்டுப் போகிற இடத்திலும் சொல்லப்போகிறார்கள். நெதர்லாந்தில் சொல்லியும்விட்டார்கள். குழந்தைகளுக்கான உதவித்தொகையில் மோசடி செய்ததாகப் பல்லாயிரம் பெற்றோர் மீது அநியாயமாகப் பழி விழுந்தது. யார் மேல் சந்தேகப்படுவது என்று பொறுக்கிக் கொடுத்ததில் ஒரு கணினி முறைக்கும் பங்கு உண்டு. அது குடியுரிமையையும் பார்த்தது. வீடு இழந்தார்கள், குடும்பம் பிரிந்தார்கள். 2021 ஜனவரியில் அங்கே அரசே ராஜினாமா செய்தது.

உலகமே அழிந்துவிடும் என்கிற வாதத்தை நான் இங்கே எடுக்கவில்லை. அது நடந்தால் மனு எழுதுகிற வேலை மிச்சம். ஏற்கெனவே உள்ள சட்டங்கள் போதாதா என்று கேட்டீர்கள். ஒருவர் குரலைப் போலி செய்து பணம் பறித்தால் இருக்கிற சட்டமே போதும், ஸ்டேஷனில் எழுதிக்கொள்ள மனசு வந்தால். ஆனால் இயந்திரம் ‘முடியாது’ என்று சொன்னால் அதைத் திரும்பப் பார்க்கச் சொல்லி ஒரு மனிதரைக் கேட்கிற உரிமை, ஐரோப்பாவில் 2018 முதல் அங்குள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவின் பேரில் உண்டு. நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. போன மாதம் நான் கேட்டது இதைத்தான். அந்த நோட்டும், அதில் எழுதச் சம்மதிக்கிற ஓர் ஆளும். உங்கள் கம்பெனி இதனால் மூடப்படும் என்றால், எப்படி என்று விவரமாக எழுதுங்கள், வெளியிடுகிறேன்.

பெரியம்மாவுக்கு இப்போது கண்ணைக் காட்டினால் போதுமாம், புதுக் கருவி வந்திருக்கிறது. அவருக்குக் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் இந்த மாத அரிசியை வாங்கிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்.