புடிச்ச விஞ்ஞானி புதுசா என்ன எழுதியிருக்காருன்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுங்க?

சத்தியமங்கலத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: அக்ரி படிச்சுட்டு அப்பாகூட கரும்புக்காட்டப் பாத்துக்கறேங்க, கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்து விஞ்ஞானிங்க ரெண்டு மூணு பேரு எழுதறத விடாம படிக்கோணும்னு ஆசை, ஆனா ஆராய்ச்சிப் பேப்பர் வந்ததே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியுது, தெனமும் பேரப் போட்டுத் தேடியும் சிக்க மாட்டேங்குதுங்க.

தேடறத விடுங்க தம்பி, அதுவா மெயிலுக்கு வர்ற மாதிரி வெச்சுக்கலாம். கூகுள் ஸ்காலர்ல (ஆராய்ச்சிக் கட்டுரை தேடறதுக்குன்னே இருக்கற கூகுள் பக்கம்) அவருக்கு ப்ரொஃபைல் இருந்தா அதுல 'ஃபாலோ'ன்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்குனா மூணு டிக் கேக்கும்: அவரோட புதுக் கட்டுரை, அவர மேற்கோள் காட்டுன கட்டுரை, அவரு வேலைக்கு சம்பந்தப்பட்ட கட்டுரை. மொதலாவது மட்டும் போதுமுங்க. ரெண்டாவதையும் போட்டீங்கன்னா, பேரு போன ஆளா இருந்தா மெயில் வந்து குமிஞ்சுரும், அப்பறம் எதையுமே தொறக்க மாட்டீங்க.

ப்ரொஃபைல் இல்லாதவங்களுக்குத்தான் தலைவலி, ஏன்னா நம்மூரு பேரு அப்படி. ஆர். செந்தில்னு ஒருத்தரு இருந்தா ஒரு பத்திரிகையில 'செந்தில் ஆர்'னு வரும், இன்னொண்ணுல அப்பா பேர விரிச்சு 'ராமசாமி செந்தில்'னு வரும், அதே பேருல வேற காலேஜ்ல இன்னும் நாலு செந்தில் இருப்பாங்க, இதுல கல்யாணத்துக்கப்பறம் இனிஷியல் மாத்துன அம்மணிங்க கதைய கேக்கவே வேண்டாம். அதனால ஸ்காலர்ல வெறும் பேருக்கு அலர்ட் (புதுசு வந்தா மெயில் அனுப்பற ஏற்பாடு) வெக்காதீங்க. பேரோட 'சுகர்கேன்' மாதிரி ஒரு வார்த்தையும் சேத்து வைங்க, ஆகாத செந்திலுங்க பாதி கழிஞ்சுரும். அவரோட ஏதாச்சும் ஒரு பேப்பர்ல ஆர்சிட் நம்பர் இருக்குதான்னும் பாருங்க, அது ஆராய்ச்சி பண்றவங்களுக்கான அடையாள நம்பர், 16 இலக்கம், ஒரு ஆளுக்கு ஒண்ணு. அந்த நம்பருக்குண்டான ஆர்சிட் பக்கத்துல அவரு கட்டுரை லிஸ்ட்ட அப்டேட் பண்ணி வெச்சிருந்தா நம்ம அதிர்ஷ்டம்.

பப்மெட்ங்கற கட்டுரைத் தேடல் தளத்துலயும் அலர்ட் இருக்குது, ஆனா அது மருத்துவம், உயிரியல் பக்கம் சாஞ்சது, கரும்புக்கு அத மட்டும் நம்ப முடியாது. ஸ்காலர்லயும் சில சமயம் லேட்டாத்தான் ஏறும், அதனால 'சுகர் டெக்', 'ஜர்னல் ஆஃப் சுகர்கேன் ரிசர்ச்'ங்கற ரெண்டு ஆராய்ச்சிப் பத்திரிகையையும் அப்பப்ப நேராவே போய் ஒரு எட்டு பாத்துருங்க.

தொறந்தா காசு கேக்குதா? ஸ்காலர்ல அந்தத் தலைப்புக்குக் கீழ எத்தன வெர்ஷன் இருக்குதுன்னு போட்டிருக்கும், அத அமுக்குனா சமயத்துல ஓசி பிடிஎஃப் ஒண்ணு சிக்கும். இல்லாட்டி பேப்பர்லயே 'கரஸ்பாண்டிங் ஆதர்'னு மெயில் ஐடி இருக்கும், அதுக்கு ரெண்டு வரி எழுதிக் கேளுங்க, உங்க காட்டுல என்ன ரகம் நிக்குதுன்னும் சேத்து எழுதுங்க, பெரும்பாலும் சந்தோசமாவே அனுப்பி வெப்பாங்க.