பூங்காவுக்கு விட்ட இடத்தில் நகராட்சி கடை கட்டலாமா?

கேள்வி: நாங்கள் குடியிருப்பது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு. வரைபடத்தில் 'பூங்கா' என்று காட்டிய இடத்தை மனை போட்டவரே நகராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்றுவரை பூங்கா வரவில்லை. பொருட்காட்சிக்கு வாடகைக்கு விடுகிறார்கள். இப்போது அங்கே வணிக வளாகம் கட்ட நகர்மன்றம் தீர்மானம் போட்டிருக்கிறது. "நகராட்சி நிலம், நகராட்சிக்கு வருமானம், உங்களுக்கென்ன?" என்கிறார் கவுன்சிலர். தடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் வேலை தொடங்கும் முன் தடுக்க வேண்டும். தூண்கள் எழும்பியபின் போனால், "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?" என்பதுதான் நீதிமன்றத்தின் முதல் கேள்வியாக இருக்கும்.

கவுன்சிலர் சொல்வதில் பாதி சரி. பத்திரப்படி நிலம் நகராட்சியுடையதுதான். ஆனால் எதற்காக அது கொடுக்கப்பட்டது என்பதும் அதே பத்திரத்தில் இருக்கும். பூங்காவுக்கென்று வாங்கிய இடத்துக்கு நகராட்சி ஒரு அறங்காவலர் மாதிரிதான். லக்னோவில் பூங்கா ஒன்றின் அடியில் வணிக வளாகம் கட்ட அந்த மாநகராட்சியே தனியாரிடம் ஒப்பந்தம் போட்டது. அந்த வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் கட்டடத்தை இடித்துப் பூங்காவை மீட்கச் சொன்னது. 'உங்களுக்கென்ன?' என்பதற்கும் பதில் இருக்கிறது. பெங்களூருவில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியதை எதிர்த்து அந்தப் பகுதிவாசிகள் போட்ட வழக்கில், அவர்களுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, என்ன செய்வது? முதலில் காகிதங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலையும், சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப்பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் வாங்குங்கள். தீர்மானத்தின் நகல், டெண்டர் விவரம், நில உபயோகத்தை மாற்ற அனுமதி பெற்றார்களா என்ற விவரம் மூன்றையும் ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. டெண்டர் அதற்குள் வந்துவிடும் என்றால் காத்திருக்காதீர்கள்.

கூடவே ஆணையருக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், நகல் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு. நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பலர் இதை வெறும் சம்பிரதாயம் என்று விட்டுவிடுகிறார்கள். உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) கேட்கும்போது, "அதிகாரியிடம் முறையிட்டீர்களா?" என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி. பதில் வராவிட்டாலோ, ஆட்சேபத்தை நிராகரித்தாலோ, தீர்மானத்தை ரத்து செய்யக் கோரி மனுப் போட்டு இடைக்காலத் தடையும் கேளுங்கள். உங்கள் நலச்சங்கம் பதிவாகவில்லை என்றால் சங்கத்தின் பேரில் போகாதீர்கள். வீட்டு உரிமையாளர்கள் சிலர் தங்கள் சொந்தப் பெயரில் மனுதாரர்களாக இருப்பது பாதுகாப்பு.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். கடைகளுக்குப் பதிலாக ஒரு ஓரத்தில் குடிநீர்த் தொட்டியோ சிறு படிப்பகமோ என்று நகராட்சி திட்டத்தை மாற்றினால், உங்கள் கை இவ்வளவு ஓங்கி இருக்காது. அப்போது வழக்கைவிடப் பேச்சுவார்த்தையே நல்லது. மீதி இடத்தைப் பூங்காவாக்கி வேலி போட்டுத் தரும்படி கேட்டு எழுதி வாங்கலாம்.

பொருட்காட்சி விஷயம் தனி. எப்போதாவது நடக்கும் நிகழ்ச்சியை நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. மாதக்கணக்கில் கொட்டகை நின்றால் அதையும் ஆட்சேபத்தில் சேருங்கள். ஒலிபெருக்கிக்கு மட்டும் தெளிவான விதி இருக்கிறது: திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. கலாசார, சமய விழாக்களுக்கு நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு தரலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. மீறினால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள்.