நிழலை அளந்தீர்களா?

ஐயா,

மொரிஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் எங்கள் கோயில் மண்டபத்தில் சென்ற ஜூலையில் குடும்ப அறிவியல் நாள் நடத்தினோம். சோடா உப்பும் வினிகரும் கலந்து எரிமலை பொங்கவைத்தோம், பிள்ளைகள் துள்ளினார்கள். 'சாமி இருக்கும் இடத்தில் இதெல்லாம் என்ன' என்று சில பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த முறைக்கு நல்ல பரிசோதனைகளின் பட்டியல் தர முடியுமா? விளக்கத்தைத் தமிழில் சொல்வதா, இங்கே எல்லாரும் பேசும் கிரியோலிலா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நாலு குடும்பங்களைச் சேர்த்து ஒரு காரியம் செய்வது எத்தனை பாடு என்று தெரியும். முதலில் என் வணக்கம். முணுமுணுத்த பெரியவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள், அடங்கிவிடுவார்கள். மொழியா? பிள்ளை எந்த மொழியில் கேட்கிறதோ அந்த மொழியில்.

ஆனால் அந்த எரிமலை! பிள்ளைகள் கைதட்டினார்கள், சரி. வித்தைக்காரனுக்கும் தட்டுவார்கள். எதையாவது அளந்தார்களா? எழுதிவைத்தார்களா? இல்லையென்றால் வாசலில் அறிவியல் நாள் என்று தோரணம் கட்டாதீர்கள்.

நெடுநாளாக இதில் குமைந்துகொண்டிருக்கிறேன். சிறு வயதில் மாலைநேரத் தமிழ் வகுப்பில், இந்தியாவிலிருந்து வந்த புத்தகத்தைப் பார்த்து 'மார்கழி பனிக்காலம்' என்று எழுதினோம். வெளியே லிச்சி பழுத்துத் தொங்கியது. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியது. 'இங்கே பனி எங்கே?' என்று கேட்டேன். 'புத்தகத்தில் இருப்பதை எழுது' என்றார் ஆசிரியர். நல்ல மனிதர், எனக்குத் தமிழ் தந்தவர். அந்தப் பதிலை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே ஒரு குச்சி போதும். விழாவை ஜனவரி 20 வாக்கில் வையுங்கள். முற்றத்தில் ஒரு மீட்டர்க் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நடுங்கள். மொரிஷியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருப்பதால் ஆண்டில் இருமுறை, நவம்பர் 21ஐ ஒட்டியும் ஜனவரி 20ஐ ஒட்டியும், சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. குச்சியின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். அதுவும் ஜனவரியில் 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 12.20க்கு. அந்த இருபது நிமிடம் ஏன் என்று பிள்ளைகளே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். நீங்கள் வாய் திறக்காதீர்கள். இவ்விரு நாள்களுக்கு நடுவே நண்பகல் நிழல் வடக்கே விழும், மற்ற மாதங்களில் தெற்கே. மாதம் ஒருமுறை அதே முற்றத்தில் அதே குச்சியை நட்டு, நிழலின் நீளத்தையும் திசையையும் நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஒரே நாளில் கலைந்துபோகும் விழா எனக்கு வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் வானிலை ஆய்வாளர் சார்ல்ஸ் மெல்ட்ரம் போர்ட் லூயி துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டித்தான் நம் கடலின் சூறாவளிகளை ஆராய்ந்தார். மாலுமிகள் சலிக்காமல் எழுதிவைத்த காற்றின் திசைதான் அவருக்குக் கிடைத்த மூலதனம்.

சூறாவளிக் காலமாயிற்றே, மேகம் மூடினால்? மறுநாள் அளக்கலாம். நிழல் நான்கு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மாறியிருக்கும், அதையும் பள்ளி அளவுகோலே காட்டிவிடும். பட்டியலை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.