தாழிட்ட கதவுக்குப் பின்னால்

கேள்வி: எனக்கு 39 வயது. அலுவலக வேலை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கும் மாமியார். கல்யாணத்துக்கு முன்பு தினமும் காலையில் ஒரு மணி நேரம் வேதம் வாசித்து ஜெபிப்பேன். இப்போது வேதத்தைத் திறந்தால் இரண்டாவது வசனத்திலேயே யாராவது கூப்பிடுகிறார்கள். செல்போனில் போட்டுவைத்த வருட வாசிப்பு அட்டவணை மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தோடு நின்றுவிட்டது. சில நாள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து "ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வருகிறேன். இதையெல்லாம் ஜெபம் என்று சொல்ல முடியுமா? அவரை விட்டுத் தூரமாகப் போய்விட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். குளியலறைத் தரையில் உட்காருகிற அந்த வரி மனதை விட்டுப் போகவே இல்லை. முதலில் அதைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

மத்தேயு 6:6-ல் ஆண்டவர், "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபம்பண்ணு என்கிறார். அறைவீடு என்றதும் நமக்கு வெளிச்சமும் அமைதியுமான ஒரு ஜெப அறைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கிரேக்கத்தில் அங்கே இருக்கிற அதே சொல் லூக்கா 12:24-லும் வருகிறது. காகங்களுக்குப் "பண்டசாலையுமில்லை" என்று சொல்லும் இடம் அது. அப்படியென்றால் அது சாமான்கள் போட்டுவைக்கிற உள்ளறை. அன்றைய சாதாரண வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்த இடம் அநேகமாக அதுவாகத்தான் இருந்திருக்கும். உங்கள் வீட்டில் அது குளியலறை. அங்கே உட்கார்ந்து "ஆண்டவரே" என்று கூப்பிடுகிறீர்களே, அது ஜெபம்தான். எனக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

அடுத்தது, அந்த ஒரு மணி நேரம். கல்யாணத்துக்கு முன்பு இருந்த அந்தக் காலை இப்போது உங்களிடம் இல்லை. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு தினமும் உங்களை நீங்களே குறைத்துப் போட்டுக்கொள்கிறீர்கள். அது நல்ல காலம்தான், அதற்காக நன்றி சொல்லுங்கள். ஆனால் இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது வேறொரு நாள்.

மாற்கு முதல் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" ஆண்டவர் ஜெபிக்கப் போன 35-ஆம் வசனத்தைப் பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். கேட்கும்போதெல்லாம் குற்ற உணர்வும் வந்திருக்கும். ஆனால் அந்த வசனத்துக்கு முந்தின நாள் எப்படி இருந்தது? ஜெப ஆலயத்திலிருந்து தம் சீஷனான சீமோன் பேதுருவின் வீட்டுக்கு வருகிறார். அங்கே சீமோனுடைய மாமி ஜுரமாய்க் கிடக்கிறாள். கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். சூரியன் அஸ்தமித்ததும் பட்டணமே வாசலில் வந்து நிற்கிறது. அப்படிப்பட்ட நாளுக்கு அடுத்த காலையில்தான் இருட்டோடு எழுந்து போகிறார். சரி, போன இடத்திலாவது விட்டார்களா? சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிக்கொண்டு வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள். நம் வீட்டுக் குரல் மாதிரியே இல்லையா? அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்று எழுந்துவிடுகிறார். பாதியில் கலைந்தது என்பதற்காக அந்த ஜெபத்தை யாரும் குறைவாக எண்ணுவதில்லை. உங்களுடையதை மட்டும் நீங்கள் ஏன் அப்படி எண்ண வேண்டும்?

இப்போது ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படுக்கையில் இருப்பது அவருடைய அம்மா, பிள்ளைகள் உங்கள் இருவருக்கும் சொந்தம். அவருக்கும் வேலைக் களைப்பு இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு நாளில் 15 நிமிடம், "இந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் நான் போய்ப் பார்க்கிறேன், நீ இரு" என்று சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் அவர்தான். பல பெண்கள் இதை ஜெபத்தில் கேட்கிறார்கள், கணவரிடம் கேட்பதில்லை. நேரில் கேளுங்கள், எந்த நேரம் என்பதையும் குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள். "கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்றால் அது காற்றோடு போய்விடும். "ராத்திரி ஒன்பதிலிருந்து ஒன்பதேகால் வரை" என்றால் நிற்கும்.

வாசிப்பு அட்டவணையை விட்டுவிடுங்கள். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று அதிகாரத்துக்கு மேல் வாசிக்க வேண்டும். அது நல்ல பழக்கம்தான். உங்களுடைய இந்த வருடத்துக்கு அது வேண்டாம். விடுபட்ட நாட்களை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சேர்த்து வாசித்துத் தீர்க்கவும் பார்க்காதீர்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான். நாளுக்கு ஒரு சம்பவம் போதும். சீமோனுடைய மாமி சுகமானது மூன்றே வசனம். இரண்டு முறை வாசியுங்கள், கண்ணை மூடி அந்த வீட்டுக்குள் நின்று பாருங்கள், மனதில் வருவதை அவரிடம் சொல்லுங்கள். அப்புறம் ஒரு விஷயம்: இதற்கு அச்சுப் புத்தகத்தை எடுங்கள். செல்போனில் வாசிக்கும்போது மேலே ஒரு செய்தி எட்டிப் பார்த்தால் கை தானாக அங்கே போய்விடும். நானும் அதில் பல நாள் தோற்றிருக்கிறேன்.

என் அப்பா கடைசியாக மருத்துவமனையில் இருந்த ஆறு வாரமும் இரவில் நான்தான் கூட இருந்தேன். நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பாதி அணைத்த விளக்கு. உள்ளே சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸை எண்ணிக்கொண்டிருப்பேன். ஜெபிக்க வாயைத் திறந்தால் வார்த்தை வராது. கையில் இருந்த வேதத்தில் நாடாக் குறி 121-ஆம் சங்கீதத்தில் கிடந்தது. எட்டே வசனம். அன்றைக்கு அதை வாசித்தேன், மறுநாளும் அதையேதான். புதிதாக ஒன்றைத் தேடக் கூடத் தெம்பு இல்லை. மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன், "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்ற வரியில் வந்து நின்றுவிட்டேன். அந்த நேரத்தில் அந்த நடைவழியில் நான் மட்டும் விழித்திருக்கவில்லை என்று தெரிந்தது. அழுதேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு பல ஜெபக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். அந்த நாற்காலியில் இருந்த அளவுக்கு நெருக்கத்தை அதிகமாக எங்கும் உணர்ந்ததில்லை.

அத்தையைப் புரட்டிப் படுக்கவைக்க ராத்திரியில் நீங்களும் எழுந்திருக்க வேண்டியிருக்கும். 63-ஆம் சங்கீதத்தில் "இராச்சாமங்களில் உம்மைத் தியானிக்கிறேன்" என்று வருகிறது. அந்த நேரத்தில் உட்கார்ந்து தியானியுங்கள் என்று சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தூக்கம் வேண்டும். திரும்பிப் போய்ப் படுக்கிற வழியில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள், போதும். ராஜாவின் பானபாத்திரக்காரனான நெகேமியா ராஜாவுக்கு முன்னால் நின்றபோது, ராஜா கேட்ட கேள்விக்கும் தான் சொன்ன பதிலுக்கும் நடுவில் ஜெபித்தான்.

தூக்கம் என்றதும் எலியா தீர்க்கதரிசியும் ஞாபகத்துக்கு வருகிறார். போதும் கர்த்தாவே என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவரிடம், ஜெபம் எங்கே என்று தூதன் கேட்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தருடைய அமர்ந்த மெல்லிய சத்தம் வந்தது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். கண் சொருகுகிற இரவில் வேதத்தை மூடிவிட்டுத் தூங்குங்கள்.

தூரமாகப் போய்விட்டேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். தூரமாகப் போனவர்களுக்கு இந்தப் பயம் வருவதை நான் பார்த்ததில்லை. அவர் இல்லாமல் உங்களுக்கு நாள் ஓடவில்லை, அதனால்தான் தாழைப் போட்டுக்கொண்டு கூப்பிடுகிறீர்கள்.

இந்த வாரமே கணவரிடம் பேசிவிடுங்கள். அதுவரைக்கும் அந்தக் குளியலறை இருக்கட்டும். உட்கார ஒரு சின்ன முக்காலி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், தரை ஜில்லென்று இருக்கும். ஒன்பது மணிக்கு என்ன ஆனது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்களுக்காகவும் அத்தைக்காகவும் ஜெபிக்கிறேன்.