அத்தான் சொல்லும் அமெரிக்க முதலீடு

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தான், அங்கே அடுக்குமாடி வாங்கி வாடகைக்கு விடும் கம்பனி ஒன்றில் 10,000 டொலர் போடச் சொல்கிறார். மாதம் 1 வீதம் நிச்சயமாம். எஸ்இசி என்ற அமெரிக்க முதலீட்டுக் கண்காணிப்பு ஆணைக்குழுவில் பதிந்தாயிற்று, மாநிலத்தில் பதியத் தேவையில்லை என்கிறார். காசை இங்கே ஒருவரிடம் கையில் கொடுத்தால் போதுமாம். போடலாமா?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: கையில் கொடுக்கவே வேண்டாம். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிறர் உழைப்பில் இலாபம் வரும் என்று சொல்லிக் காசு வாங்கினால், என்ன பெயர் வைத்தாலும் அமெரிக்காவில் அது பிணையம்தான், அதாவது பங்கு, கடன்பத்திரம் போன்ற முதலீட்டுப் பத்திரம். 1946இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்த்துவிட்டது. அதை விற்பவர் 1933ஆம் ஆண்டின் மத்திய சட்டப்படி எஸ்இசியில் பதிய வேண்டும், அல்லது பதியத் தேவையில்லை என்பதற்கு விலக்குக் காட்ட வேண்டும். இத்தகைய சிறு கம்பனிகள் பதிந்தோம் என்று காட்டுவது அநேகமாக படிவம் டி. விதி 506இன்படி விலக்குக் கோரி, முதல் விற்பனை நடந்து 15 நாளுக்குள் கொடுக்கும் வெறும் அறிவித்தல் அது. அதை எஸ்இசியின் அங்கீகாரமாக எடுக்காதீர்கள்.

மாநிலத்தைப் பற்றி அத்தான் சொன்னது பாதி சரி. 1996க்குப் பிறகு 506 விற்பனையைப் பதியும்படி மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அறிவித்தலும் கட்டணமும் கேட்கலாம், மோசடி என்றால் வழக்கும் தொடரலாம். நியூ ஜெர்சியில் அதற்கென்றே பிணையங்கள் பணியகம் உண்டு. கம்பனியின் பெயரையும் விற்பவரின் பெயரையும் எழுதி அங்கே விசாரியுங்கள்.

எஸ்இசியின் எட்கார் தளத்தில் கம்பனியின் முழுப் பெயரைத் தேடிப் படிவத்தைத் திறவுங்கள். 3ஆம் பகுதியில் பொறுப்பாளர்களின் பெயர்கள், 6இல் கோரிய விலக்கு, 12இல் ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்குபவர். 16ஆம் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள்: உங்கள் காசில் எவ்வளவு பொறுப்பாளர்களுக்கே போகிறது என்பது அங்கேதான் தெரியும். படிவமே இல்லையென்றால், எந்த விலக்கின்கீழ் விற்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டவருக்கு விற்க ரெகுலேஷன் எஸ் என்ற வேறு விலக்கும் இருக்கிறது.

மாதம் 1 வீதம் நிச்சயம் என்பது எனக்குப் பயமாகவே இருக்கிறது. குடியிருப்பவர் போய்விட்டால் வாடகை நின்றுவிடும்; பிறகு நிச்சயம் எங்கிருந்து வரும்?

கையில் கொடுத்து, வங்கி வழியல்லாமல் உண்டியலில் போன காசுக்கு உங்கள் பெயரில் ஒரு துண்டும் இராது. அங்கே எந்த அதிகாரியிடமும் காட்ட எதுவும் மிஞ்சாது. இலங்கையின் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டப்படி, முதலீட்டுக் காசு வங்கியில் வெளிமுக முதலீட்டுக் கணக்கு திறந்தே போக வேண்டும். கம்பனியின் ஆவணங்களோடு முதலில் உங்கள் வங்கிக்குப் போங்கள்.